வெண்கலப் பதக்கம்

வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் விலையில் வேறுபாடு உண்டென்பதைக் குழந்தையும் அறியும். அவ்வேறுபாட்டைக் கொண்டு மனிதரையும் தரம் பிரித்தார்கள் என்பதைக் கற்றோரிலும் பலர் அறியார். கோயில் வாயிலில் பிறப்பைக் கேட்டுப் பிரித்தது நம் நாடு. போர்க்களத்தில் வேலையைக் கேட்டுப் பிரித்தது பிரிட்டிஷ் சர்க்கார்.

நான் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருப்பவன். எங்கள் தோட்டத்து லயத்தில் வாழும் மூதாட்டியார் ஒருவர், தம் பாட்டனாரின் தகரப்பெட்டியில் கிடந்த பதக்கமொன்றை என்னிடம் கொடுத்தார். "இதிலே இங்கிலீசில் என்னமோ எழுதியிருக்கு. படிச்சுச் சொல்லுங்க, கிராணி ஐயா" என்றார். அப்பாட்டனார், தாம் முதல் உலக யுத்தத்தில் பட்டாளத்தோடு கப்பலேறிப் பஸ்ரா சென்றதாகச் சொல்லிக் கொண்டிருந்தாராம். லயத்தார் நம்பவில்லை. பட்டாளத்து மெடல் வெள்ளியாயிருக்கும், இது வெறும் பித்தளை, எந்தச் சந்தையில் வாங்கினாய் என்று நகைத்தனராம். அதன்பின் அவர் அப்பேச்சையே எடுக்கவில்லை. பொய்யர் என்ற பெயரோடே அவர் மாண்டார்.

தஞ்சோங் பகாரில் என் சிற்றப்பா வீடு இருக்கிறது. அங்குத் தங்கி, விடுமுறை நாட்களில் விக்டோரியா தெருவிலுள்ள தேசிய நூலகத்துக்குச் சென்று வந்தேன். முதலில் பூதக்கண்ணாடி வைத்துப் பதக்கத்தின் விளிம்பைப் படித்தேன். ஒரு பக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறு பக்கத்தில் குதிரைமீது ஒரு வீரன். இவற்றைப் பார்த்து மகிழ்வோர், செய்தி முழுதும் விளிம்பில் இருப்பதை மறந்துவிடுகின்றனர். அங்கே ஓர் எண்ணும், தந்தை பெயரற்ற ஓர் ஒற்றைப் பெயரும், கூலிப்படை ஒன்றின் சுருக்கெழுத்தும் பொறிக்கப்பட்டிருந்தன.

நூல்கள் கூறும் உண்மை இது: 1919இல் ஏற்படுத்தப்பட்ட பிரிட்டிஷ் யுத்தப் பதக்கம் ஏறக்குறைய 65 இலட்சம் பேருக்கு வெள்ளியில் வழங்கப்பட்டது. சீனர், மால்டாத் தீவினர், இந்தியர் முதலியோரைக் கொண்ட தொழிலாளர் படைகளுக்கு மட்டும், சுமார் 1,10,000 பதக்கங்கள் வெண்கலத்தில் வார்க்கப்பட்டன. உருவம் ஒன்றே, உலோகம் வேறு. இது புதிய வழக்கமுமன்று. 1895ஆம் ஆண்டின் இந்தியப் பதக்கம், 1900ஆம் ஆண்டின் சீனப் பதக்கம், 1903-04 திபெத்துப் பதக்கம் ஆகியவற்றிலும் ஆயுதம் தாங்கியோர்க்கு வெள்ளி, சுமை தாங்கியோர்க்கு வெண்கலம் என்பதே விதி. துப்பாக்கிக்குத் தோட்டா சுமந்தவனும், காயம்பட்டவனைத் தோளில் தூக்கியவனும் அதே வெயிலில் நின்றனர். அதே நோயில் மடிந்தனர். பரிசு தரும் வேளையில் மட்டும் அவர்கள் வேறு பந்தி!

இவ்விவரத்தை அம்மூதாட்டியாரிடம் எடுத்துரைத்தேன். வெண்கலமாயிருப்பதே அவர் போருக்குச் சென்ற கூலிப்படையாள் என்பதற்குச் சான்று என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ எங்க தாத்தா பொய் சொல்லலே" என்றார். எந்தப் பொருளைக் காட்டி ஊரார் அவரைப் பொய்யரென்றனரோ, அப்பொருளே அவருக்குச் சாட்சியாய் நின்றது.

நிற்க. நான் ஆங்கிலப் பள்ளியில் பயின்றவன். அங்கே யுத்த வரலாறு படித்தேன். தளபதிகளின் பெயர்களை வரிசையாய் ஒப்புவித்தேன். இந்தியா அந்த யுத்தத்துக்கு 5,50,000க்கு மேற்பட்ட ஆயுதந்தாங்காத ஆட்களைத் திரட்டியது என்ற ஒரு வரியை எந்தப் பாடத்திலும் கண்டிலேன். வரலாற்றாசிரியை ராதிகா சிங்கா 2020இல் இவர்களைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். அதற்கு ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது.

கல்லிலும் இதே கதைதான். மெசபடோமியாவில் மாண்டோர்க்காக 1929இல் பஸ்ராவில் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தில், பிரிட்டிஷார் அனைவருக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்கோ, படைப்பிரிவின் பெயரும் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையுமே உண்டு. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் சார்பில் 2021இல் வெளிவந்த அறிக்கை, பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியருமாகக் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை என ஒப்புக்கொண்டது. ஆணையமும் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு நன்று. ஆனால் எழுதாமல் விட்ட பெயரை மன்னிப்பால் எழுதிவிட முடியுமோ?

பெயர் எழுதுவதே என் தொழில். நாள்தோறும் காலைப் பிரட்டில் ஆளைப் பார்த்துச் செக்ரோலில் பெயரைக் குறிக்கிறேன். ஒரு பெயர் விடுபட்டால் ஒருவனுக்கு ஒரு நாள் கூலி போகும். வரலாற்றின் செக்ரோலில் விடுபட்டவனுக்கோ, அவன் வாழ்ந்ததே போய்விடும்.

சிற்றப்பா வீட்டிலிருந்து சிறிது தூரம் நடந்தால் பழைய தஞ்சோங் பகார் ரயில் நிலையம். 1932இல் திறக்கப்பட்டு, 2011 சூன் 30ஆம் நாள் கடைசி ரயிலை அனுப்பி ஓய்ந்தது. ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து வடக்கே சென்ற இருப்புப்பாதையில்தான் போர்க்கைதிகள் சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அதே பாதையோரத் தோட்டங்களிலிருந்துதான் நம் தமிழரும் ஏற்றப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில்பாதை 1943இல் முடிந்தது. மலாயாவிலிருந்து போன 70,000க்கு மேற்பட்ட தொழிலாளரில் பெரும்பாலோர் தமிழர். அங்கே உழைத்த ஆசியத் தொழிலாளரில் 90,000 பேர் வரை மாண்டனர் என்பர். மலாயாவில் பிடிபட்ட பிரிட்டிஷ் கைதிக்குப் பிற்காலத்தில் பசிபிக் நட்சத்திரம் கிடைத்தது. அவனருகே மண் வெட்டிய தமிழனுக்கு வெண்கலமும் இல்லை. எல்லை கடந்தது இருவரும். ஏட்டில் ஏறியது ஒருவரே.

ஆகவே, அன்பர்களே! உங்கள் வீட்டுத் தகரப்பெட்டிகளைத் திறந்து பாருங்கள். பழைய பதக்கம் இருந்தால், விலை கேட்டு நகைக்கடைக்கு எடுத்துச் செல்லுமுன் விளிம்பைப் படித்துப் படியெடுத்து வையுங்கள். மெருகேற்றித் தேய்க்காதீர்கள்; தேய்ந்தால் எழுத்து போய்விடும். பதக்கமே இல்லாத வீடுகளில், சயாமுக்குப் போய்த் திரும்பாதவரின் பெயரையும் ஊரையும் முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். வெள்ளியும் வெண்கலமும் சர்க்கார் தருபவை. பெயரை எழுதத் தாளும் மையும் போதும். அவை நம்மிடமே இருக்கின்றன.