கலங்கல், மங்கல், புகார்

ஆங்கிலத்தில் 'வேக்', 'பிளர்', 'டிம்', 'ஒப்ஸ்கியூர்', 'ஹேசி' என்பவை ஐந்து சொற்கள். பள்ளிச் சொற்பட்டியலில் ஐந்துக்கும் நேரே 'தெளிவற்ற' என்ற ஒரே சொல்தான் நிற்கும். மதுரங்குளியில் அக்காவின் மகளுக்கு அப்படியொரு பட்டியலைச் சொல்லிக்கொடுத்தபோது எழுந்த எரிச்சலே இந்தத் தேடலின் தொடக்கம். ஐந்தையும் ஒன்றாக்கியது தமிழின் வறுமையா, பட்டியல் போட்டவரின் சோம்பலா?

'வேக்' என்பதன் லத்தீன் மூலத்துக்கு அலைந்து திரிவது என்று பொருள். ஓரிடத்தில் நில்லாத, பிடிகொடுக்காத பதிலுக்கு அது பொருந்துகிறது. 'பிளர்' 16ஆம் நூற்றாண்டில் தாளில் மை இழுபட்ட கறை. இன்று கை ஆடி எடுத்த புகைப்படம். 'டிம்' வெளிச்சக் குறைவு. 'ஒப்ஸ்கியூர்' இருள் மூடியது; ஊர் அறியாத புலவரையும் அது குறிப்பது அதனால்தான்.

சிக்கல் 'ஹேசி'யில். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பற்காரர் பேச்சில் அது தலைகாட்டுகிறது. அதற்கு முன் தடமே இல்லை. ஜெர்மன் மொழியில் முயலைக் குறிக்கும் 'ஹாசே'யோடு சிலர் முடிச்சுப் போட்டதுண்டு. கடலில் முயலின் பெயரைச் சொல்லலாகாது என்ற பழைய நம்பிக்கை அதற்குச் சான்றாம். பல நாள் அந்த முயலைத் துரத்தியும் பலனில்லை. வேர் தெரியாது என்பதே சொற்பிறப்பு நூல்களின் முடிவு.

தேடலைத் திருப்பிவிட்டவர் முந்தல் களப்பில் வலை போடும் முதியவர் ஒருவர். 'தெளிவற்ற' என்ற சொல்லையே அவர் ஏற்கவில்லை. "எது மறைக்குது எண்டு முதல்ல சொல்லுங்க தம்பி" என்பதே ஒவ்வொரு கேள்விக்கும் அவருடைய பதில். தண்ணீர் என்றால் கலங்கல், வெளிச்சம் என்றால் மங்கல், வானம் என்றால் மப்பு. எதுவென்று சொல்லாமல் பொதுவாகக் கேட்டால் வலையைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார்.

அவர் சொன்னது அகராதியிலும் செல்லும். தமிழில் தெளிவு முதலில் நீரின் குணம். கலங்கிய நீருள்ள குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்தால் கசடு அடியில் படியும், தெளிதல் அதுதான். மயங்குதல் என்றால் கலத்தல். பகலும் இரவும் கலக்கும் நேரத்தை அந்தி மயங்கும் நேரம் என்கிறோம்; தொல்காப்பியத்தில் மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வருவதும் மயக்கமே. குழப்பம் என்பதும் அதற்கு ஒரு பொருள். ஆங்கில 'கன்ஃபியூஸ்' என்பதற்கும் லத்தீனில் ஒன்றாக ஊற்றுதல் என்றே பொருள்.

காண்பதைக் குறிக்கும் சொற்களில் ஒற்றுமை இன்னும் நெருக்கம். 'டிசேர்ன்' என்றால் பிரித்தெடுத்தல். அதன் லத்தீன் வினை சல்லடையில் சலிப்பதையும் குறித்தது. தமிழில் 'தெரி' என்பதும் பொறுக்கி எடுப்பதே. இலங்கைச் செய்தித்தாள்களில் தலைவர் தெரிவு, தெரிவுக்குழு என்று அந்தப் பொருள் அன்றாடம் அச்சேறுகிறது. திருக்குறளின் 51ஆம் அதிகாரத்துக்குப் பெயர் 'தெரிந்து தெளிதல்': முதலில் சல்லடை, பிறகு தேற்றாங்கொட்டை. 'பெர்சீவ்' மட்டும் விலகி நிற்கிறது. அதன் மூலப்பொருள் முழுதாகப் பற்றிக்கொள்ளுதல். அங்கே காண்பவன் பொருளைப் பிடிக்கிறான். தமிழிலோ பொருள்தான் அவனுக்குத் தெரிகிறது, கேட்கிறது, புலப்படுகிறது. 'நான் புலப்படுகிறேன்' என்றால் ஆளே மாறிவிடும்.

ஆகவே வறுமை தமிழுக்கு இல்லை. பேச்சு 'வேக்' என்றால் பிடிகொடாத பேச்சு, படம் 'பிளர்' என்றால் கலங்கல், விளக்கு 'டிம்' என்றால் மங்கல், புலவர் 'ஒப்ஸ்கியூர்' என்றால் பேர் தெரியாதவர். 'தெளிவற்ற' எங்குமே தேவைப்படவில்லை.

மிஞ்சியது 'ஹேசி'. அதற்கும் விடை அதே களப்பில் கிடைத்தது. விடியலில் அக்கரைத் தென்னைகள் வெண்மையில் கரைந்து கிடந்ததை முதியவர் "புகாரா இருக்கு" என்றார். புகைபோல் பரவும் மூட்டத்துக்குத் தமிழில் பழகிய சொல் அது; யாழ்ப்பாணத்தில் பனிப்புகார். வானிலையாளர் கணக்கில் 1 கிலோமீற்றருக்குள் பார்வையை மறைக்கும் நீர்த்துளி மூட்டம் ஒன்று, உப்பும் தூசியும் புகையும் கலந்த உலர் மூட்டம் வேறொன்று. புகார் அந்த இரண்டையும் பிரிக்காது. அது அதன் குறை. சென்னையில் இதே சொல்லைச் சொன்னால் காவல் நிலையத்துக்கு வழி காட்டுவார்கள். இலங்கையில் அங்கே கொடுப்பது முறைப்பாடு.