மோட்டரின் முனகல்

"தங்கச்சி, மெசின்ட சத்தம் மாறிக் கிடக்கு. உங்களுக்குக் கேக்கலியா?"

மருதமுனையில் மா அரைக்கும் சிறு மில் நடத்தும் ராத்தா ஒருவர் இப்படிக் கேட்டபோது, எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. யுத்த காலத்தில் வயலுக்குப் போன அவருடைய கணவர் திரும்பி வரவில்லை. இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தது அந்த மில்தான்.

நான் சமூகவியல் படித்தவள். சுயதொழில் கடன் பெற்ற பெண்களைச் சந்தித்து அறிக்கை எழுதுவது என் வேலை. அன்றும் "இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதினேன். பழுது பார்க்க வந்தவரும், "மோட்டர் ஓடுதுதானே! பொம்புளைகளுக்கு எந்தச் சத்தமும் பயந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று கிழமை கழித்து, நோன்பு தொடங்கச் சில நாட்கள் இருக்கையில், மோட்டர் இறுகி நின்றது. புகை வந்து கொயில் எரிந்து போனது. பெருநாள் பலகாரத்துக்கு மா அரைக்க வந்தவர்கள் வேறு மில்லுக்குப் போனார்கள். கடன் தவணை மட்டும் தவறாமல் வந்தது. நான் எழுதிய அந்த ஒரு வரி என்னை உறங்கவிடவில்லை. அதன் பிறகுதான் மோட்டரைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

மோட்டரின் தண்டு இரு முனைகளிலும் பெயாரிங்கில் தங்கிச் சுழல்கிறது. பெயாரிங் என்பது இரண்டு உருக்கு வளையங்கள், நடுவே சிறு குண்டுகள், கொஞ்சம் கிறீஸ். மாத் தூசு புகுந்தாலும், கடற்காற்றில் துருப்பிடித்தாலும், பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினாலும் வளையத்தில் நுண்ணிய கீறல் விழும். நிமிடத்துக்கு 1440 சுற்றுச் சுற்றும் மோட்டரில் 6205 இலக்கப் பெயாரிங் இருந்தால், வெளி வளையத்தின் ஒரு கீறலில் குண்டுகள் செக்கனுக்குச் சுமார் 86 தடவை தட்டும். ராத்தா கேட்ட முனகல் அப்படிப்பட்டதுதான். கவனிக்காவிட்டால் சூடு ஏறும், தண்டு இறுகும், கரண்ட் கூடிக் கொயில் எரியும்.

பெரிய ஆலைகளில் மோட்டரில் கருவி பொருத்தி அதிர்வை அளக்கிறார்கள். நல்ல நாளில் எடுத்த அளவோடு இன்றைய அளவை ஒப்பிட்டு, நிற்பதற்கு முன்பே பழுதை அறிகிறார்கள். தினமும் அருகில் நிற்கும் பெண்ணின் காதும் இதையே செய்கிறது.

1907ஆம் ஆண்டில், தண்டு சற்றுச் சாய்ந்தாலும் தாங்கும் பெயாரிங்கை உருவாக்கிய ஸ்வென் விங்குவிஸ்ட், சுவீடனில் ஒரு நெசவாலையில் வேலை செய்தவர். அங்கு பெயாரிங்குகள் அடிக்கடி பழுதானதே அதற்குக் காரணம். இதைச் சொன்னதும் கைத்தறி ஊரைச் சேர்ந்த ராத்தா சிரித்தார்: "அங்கயும் நெசவு ஆக்கள்தானா?"

புதுக் கொயில் கட்டிய பிறகு ராத்தா ஒரு கொப்பி வைத்தார். காலையில் மில்லை வெறுமையாக ஓட்டி, காய்ந்த மரத்தடியின் ஒரு முனையை பெயாரிங் மூடியிலும் மறுமுனையைக் காதோரத்திலும் வைத்துக் கேட்பார். முக்காட்டை இறுகச் செருகி, பெல்ட்டுக்கு எட்ட நிற்பார். மாலையில் மில்லை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிய பிறகு, புறங்கையால் சூடு பார்ப்பார். "சீர்", "கரகரப்பு", "வழமையை விடச் சூடு" என்று திகதியோடு எழுதுவார்.

அடுத்த வருடம் மீண்டும் "கரகரப்பு" என்று எழுதினார். இம்முறை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மில்லை நிறுத்தி, இலக்கத்தைச் சொல்லி, தூசு புகாத றப்பர் மூடியுள்ள பெயாரிங்கை வாங்கி மாற்றுவித்தார். அரை நாள் வேலைதான் நின்றது. கழற்றிய பெயாரிங்கைக் கையில் சுழற்றிக் காட்டினார். அந்தக் கரகரப்பு என் விரலுக்கும் தெரிந்தது.

இப்போது என் அறிக்கையில் ஒரு வரியை நானே சேர்த்திருக்கிறேன்: "இயந்திரத்தைப் பற்றி உரிமையாளர் என்ன சொல்கிறார்?"

சகோதரிகளே, தையல் மெசினோ, தண்ணீர் மோட்டரோ, அதன் நல்ல சத்தம் உங்களுக்குத்தான் தெரியும். அது மாறினால் "பயம்" என்று எவர் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.