அக்காவின் கூடத்தில் ஐந்து ஒலிபெருக்கிகள்

ஈச்சிலம்பற்றில் ஓசைக்கு என்றுமே குறைவு இருந்ததில்லை. கிழக்கே கடல், வாடைக்காற்று எழுந்துவிட்டால் அதன் இரைச்சல் இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். மேற்கே வயல், மழை பெய்த இரவில் தவளைகள் கச்சேரி வைக்கும். தெற்கே வெருகல் முருகன் கோயிலில் திருவிழாத் தொடங்கினால் கம்பங்களிற் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகள் காற்று வாக்கில் எங்கள் வாசல் வரையில் வந்து பாடும். இவற்றுள் எது எத்திசையிலிருந்து வருகிறதென்று ஊரில் யாரைக் கேட்டாலும், கண்ணை மூடிக்கொண்டே கையை நீட்டிக் காட்டுவர்.

வீட்டுக்குள் வந்த ஓசையோ நெடுங்காலம் ஒரே வாயாற் பேசிற்று. என் இளமையில் அப்பா வைத்திருந்த பற்றரி வானொலியில் கே. எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் பேசினார்கள். பெட்டி ஒன்று, வாய் ஒன்று. பின்னர் எண்பதுகளில் ஜெனரேற்றரும் தொலைக்காட்சிப் பெட்டியும் 'டெக்'கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம் பார்த்த காலம் வந்தது. அப்பொழுதும் கதாநாயகன் இடப்பக்கம் ஓடினாலும் வலப்பக்கம் ஓடினாலும் குரல் மாத்திரம் அந்தப் பெட்டியின் ஓரத்திலிருந்தே வரும். அதையிட்டு ஒருவரும் குறைப்பட்டதில்லை.

குறைப்பட்ட ஒருவர் இங்கிலாந்திலே இருந்தார். அலன் புளூம்லைன் என்ற பொறியியலாளர் தம் மனைவியுடன் படம் பார்க்கச் சென்றவர், திரையில் நடிகர் ஒரு பக்கமும் அவர் குரல் இன்னொரு பக்கமும் இருப்பதைக் கண்டு, குரலை ஆளின் பின்னாலேயே நடக்கச் செய்ய என்னால் முடியும் என்றாராம். 1931ஆம் ஆண்டு டிசம்பரில் அதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். இன்று 'ஸ்டீரியோ' என்று நாம் சொல்வதன் பெரும்பகுதி அந்த விண்ணப்பத்தில் அடங்கியிருந்தது. 1942இல், றேடார் கருவியொன்றை வானத்திற் சோதிக்கையில் விமானம் வீழ்ந்து, தம் 38ஆம் வயதில் அவர் மாண்டார். இன்னொருவர் றே டால்பி. படப்பெட்டிகளிலும் படமாளிகைகளிலும் பொறித்திருக்கும் அந்தப் பெயருக்குரியவர் 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகளின் ஆலோசகராக இந்தியாவிலே பணியாற்றியவர் என்பது நம் மாணவர் பலருக்குத் தெரியாது. அங்கிருந்து சென்ற பின்னரே இலண்டனில் தம் ஆய்வுகூடத்தைத் தொடங்கினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1995இல் வெளிவந்த 'குருதிப்புனல்' என்னும் தமிழ்ப் படம் அவருடைய சுற்றொலி முறையைக் கொண்டுவந்தது.

அந்தச் சுற்றொலி சென்ற ஆண்டு சித்திரையில் என் அக்காவின் வீட்டுக்குள் நுழைந்தது. கட்டாரில் வேலை செய்யும் மருமகன் விடுமுறைக்கு வரும்போது ஒரு ரிசீவரைப் பெட்டியோடு கொண்டுவந்தான். ஒலிபெருக்கிகளைக் கொழும்பில் வாங்கினான். முன்னே இடம், வலம், நடு என மூன்று, பின்னணிக்கு இரண்டு, தாழ்ந்த ஓசைக்கென்று 'சப்வூபர்' எனப்படும் கனத்த பெட்டி ஒன்று. ஐந்தும் ஒன்றும் ஆதலால் இதனை 5.1 என்பர். அந்த ஒன்றைப் புள்ளிக்குப் பின்னே வைத்ததற்குக் காரணம், அது முழு ஓசையையும் தாங்காமல் அடித்தளத்திலுள்ள சிறு பகுதியை மட்டும் தாங்குவதே.

அக்காவின் வீட்டுக் கூடம் பதினைந்தடி நீளம், பதினோரடி அகலம். சீமெந்துத் தரை, வெறுஞ் சுவர், மேலே தகரம். இப்படிப்பட்ட அறை ஒலிக்கு உகந்ததன்று. கைதட்டினால் நான்கு சுவரும் திருப்பித் தட்டும். பாய்கள் இரண்டைத் தரையில் விரித்து, யன்னல்களுக்குக் கனத்த சீலை போட்ட பின்பு சற்று அடங்கிற்று. வயர்களில் சிவப்பைச் சிவப்புக்கும் கறுப்பைக் கறுப்புக்கும் கொடுப்பதிற் சிறிதும் அசட்டை கூடாது. ஒன்றை மாற்றிக் கொடுத்துவிட்டால், ஒரு ஒலிபெருக்கி காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். தாழ்ந்த ஓசை ஒன்றையொன்று தின்றுவிடும். பாடகர் எங்கே நிற்கிறார் என்றே புலப்படாது. ஐயம் வந்தால் ஒன்றரை வோல்ற்று பற்றரி ஒன்றின் நேர்முனையைச் சிவப்பிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம். கூம்பு வெளியே தள்ளினால் சரி.

எல்லாம் பூட்டி முடித்தபோது பின்னாலுள்ள இரண்டும் வாய் திறக்கவில்லை. மருமகன் வயரைப் பிடுங்கிப் பூட்டிக் களைத்துப் போனான். குற்றம் வயரில் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டியின் அமைப்புப் பட்டியலில் இருந்தது. ஒலி வெளியீடு 'பிசிஎம்' என்றிருந்தால் அந்தப் பெட்டி ஆறு தடத்தையும் இரண்டாகப் பிசைந்து அனுப்பிவிடும். அதை 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்றியதும் ரிசீவரின் முகப்பில் டால்பியின் பெயர் ஒளிர்ந்தது. எச்டிஎம்ஐ வயர் இரு முனையிலும் 'ஏஆர்சி' என்று எழுதிய துளையில் இருக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். ஊரில் இப்பொழுது இரண்டு மூன்று வீட்டில் இத்தகைய பெட்டிகள் இருக்கின்றன. பாதிப் பேர் இரண்டு தடத்தையே கேட்டுக்கொண்டு ஐந்து என்று நம்பியிருக்கிறார்கள்.

இனி நான் சொல்லப் போவதற்காகவே இக்கட்டுரையை எழுத எண்ணினேன்.

மருமகன் பின்னொலிபெருக்கிகள் இரண்டையும் கூடத்தின் பின்மூலைகளில், அமர்பவரின் முதுகுக்குப் பின்னே, தகரத்தை அண்டி மாட்டியிருந்தான். சப்வூபரை ஒரு மூலையில் வைத்தான். பிள்ளைகள் கூடிவிட்டார்கள். போர்ப் படம் ஒன்றைப் போட்டான். ஹெலிகொப்ரர் ஒன்று பின்னால் இடப்பக்கம் எழுந்து, தலைக்கு மேலாக வந்து, முன்னால் வலப்பக்கம் மறைந்தது. பிள்ளைகள் கூவினார்கள். அடுத்து ஒரு குண்டு வெடித்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது.

அக்கா அப்பொழுது குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தவில்லை, ஓடவுமில்லை. கத்தியை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து, வாசலுக்குக் கிட்ட இருந்த கடைசிப் பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கொல்லைப்புறத்துத் தென்னையடிக்குப் போய் நின்றார். அந்த இடத்தில் முன்பு பங்கர் இருந்தது. அதை மூடி வாழை வைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இளைய வாசகர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எங்கள் கரைக்குள் புகுந்தது. அதன் காயம் ஆறுமுன்னே, 2006 ஆடியில் மாவிலாற்று அணைக்கதவையொட்டி மூண்ட சண்டை ஊருக்குள் வந்தது. சனம் வெருகலாற்றைக் கடந்து வாகரைக்குப் போயிற்று. அங்கும் இருக்க இயலாமல் 2007 தையில் மட்டக்களப்புப் பக்கம் போயிற்று. அக்காவும் பிள்ளைகளோடு அவ்வழியே நடந்தவர். அந்த மாதங்களில் உயிர் காத்தவற்றுள் காதும் ஒன்று. தூரத்தில் ஷெல் 'குத்தும்' சத்தம் கேட்கும். அது எத்திசை, எவ்வளவு தொலைவு, எத்தனை வினாடியில் வந்து விழும் என்று கணித்துப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு படுக்க வேண்டும். அக்காவின் கணிப்புப் பிழைத்ததில்லை என்று கூட நடந்தவர்கள் சொல்வார்கள்.

விஞ்ஞானிகள் இதனை வேறு விதமாகச் சொல்கிறார்கள். ஒரு பக்கத்திலிருந்து வரும் ஓசை ஒரு காதை முந்தியும் மறு காதைப் பிந்தியும் அடைகிறது. அந்த இடைவெளி, மிகக் கூடியதாயினும், வினாடியை ஆயிரங் கூறிட்டால் அதில் ஒரு கூறுக்கும் குறைவு. அதை அளந்தறிந்துதான் மூளை திசையைத் தீர்மானிக்கிறது. ரிசீவர் செய்யும் வித்தையும் இதன்மேல் எழுந்ததே. பகுத்தறிவு அது பெட்டி என்று சொல்லுமுன் காது உடலை எழுப்பிவிடுகிறது. அதிலும் சப்வூபர் தரும் மிகத் தாழ்ந்த ஓசைக்குத் திசையே தெரியாது. அது நெஞ்சாங்கூட்டிலும் பாதத்திலும் கேட்பது. திசை தெரியாத முழக்கத்தை அக்கா எங்ஙனம் பொறுப்பார்?

மருமகன் பெட்டியை நிறுத்திவிட்டான். முகம் வாடிப்போயிற்று. "மாமா, உதைக் கழட்டிக் கொடுத்துவிடுவம்" என்றான். இரண்டு ஆண்டு வெயிலிற் சேர்த்த காசு. அக்கா உள்ளே வந்து, பேரனை இறக்கிவிட்டு, கை கழுவி, கதிரையில் அமர்ந்தார். சிறிது நேரம் அந்த மூலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொடுக்க வேண்டாம். பிள்ளையள் ஆசையாய்ப் பார்க்குதுகள். முதுகுக்குப் பின்னாலை இருக்கிறதை மட்டும் என்ரை கண்ணுக்குத் தெரியிற இடத்திலை வை. எங்கையிருந்து வருதெண்டு நான் பார்க்க வேணும்."

வியப்பு என்னவென்றால், அக்கா கேட்ட இடமே நூல் சொல்லும் இடம். ஐந்து ஒலிபெருக்கி முறையில் பின்னொலிக்குரியவை முதுகுக்குப் பின்னே மூலையில் இருக்க வேண்டியவை அல்ல. அமர்பவரின் நேர் முன்னைச் சுழியம் எனக் கொண்டால், இருபுறமும் 90 முதல் 110 பாகைக்குள், அதாவது காதுக்கு நேர்பக்கத்திலோ சற்றே பின்தள்ளியோ, தலைக்கு இரண்டடி மேலாக இருக்கலாம் என்பது டால்பி நிறுவனத்தாரின் அறிவுரை. நாங்கள் 90இலேயே பக்கச் சுவர்களில் மாட்டினோம். தலையைச் சிறிது திருப்பினால் இரண்டும் தெரியும்.

முன்னிரண்டையும் எட்டடி இடைவெளியில் நிறுத்தினோம். ஒன்பதடி தொலைவில் அமர்பவருக்கு அது பக்கத்துக்கு 24 பாகை வரும். 22க்கும் 30க்கும் இடையில் இருந்தாற் போதும். நடுப்பெட்டி தொலைக்காட்சியின் கீழே. சப்வூபரின் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி உண்டு. அந்தப் பெட்டியை நாம் அமரும் கதிரையில் ஏற்றிவிட்டு, தாழ்ந்த சுரமுள்ள பாட்டொன்றை ஓடவிட்டு, நாம் சுவரோரமாகத் தவழ்ந்து செல்ல வேண்டும். எங்கே ஓசை இரையாமலும் மெலியாமலும் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தவழ்வதைக் கண்டு பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அக்காவும் அன்று முதன்முறையாகச் சிரித்தார். மூலையிலிருந்து நான்கடி தள்ளி, அக்காவின் படுக்கையறைச் சுவருக்கு எதிர்ப்பக்கமாக, அதற்கு இடம் கிடைத்தது.

பின்பு அளவெடுப்பு. ரிசீவரோடு வரும் சிறிய ஒலிவாங்கியை அமர்பவரின் காது உயரத்தில் நிறுத்தினால், அது ஒவ்வொரு ஒலிபெருக்கியையும் இரையச் செய்து தூரத்தையும் வலிமையையும் தானே கணிக்கும். அவ்வேளை வீடு நிசப்தமாக இருக்க வேண்டும். முதன்முறை காகம் குழப்பிற்று. இரண்டாம் முறை பாண் விற்கும் முச்சக்கர வண்டி பேத்தோவனின் இசையை முழக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றது. பாணை வாங்கி அனுப்பிவிட்டுத் தொடர்ந்தோம். முன்னொலிபெருக்கி பத்தடியிலும் பக்கத்தது ஐந்தரையடியிலும் இருந்தால் ஓசை ஒருங்கே வராது. நமது வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 348 மீற்றர் செல்லும். நாலரையடிக்கு வினாடியின் ஆயிரத்தில் நான்கு பங்கு. அந்த அளவுக்குப் பக்கத்து ஓசையைப் பிடித்து வைத்து அனுப்புகிறது ரிசீவர்.

எந்திரம் கணித்ததை அப்படியே விட்டுவிட நான் சம்மதிக்கவில்லை. படங்களில் பேச்சுக் கேளாது, சத்தம் மட்டும் கொல்லும் என்பது அக்காவின் முறைப்பாடு. ஊரில் முதியோர் எல்லோருடைய முறைப்பாடும் அதுவே. பேச்சு பெரும்பாலும் நடுப்பெட்டியில் வருவதால் அதை 3 டெசிபல் உயர்த்தினோம். சப்வூபரை 6 டெசிபல் தாழ்த்தினோம். இரவு நேரத்துக்கென்று ரிசீவரில் ஓர் அமைப்பு உண்டு. அது பெரிய ஓசையை அடக்கி, மெல்லிய ஓசையைத் தூக்கிக் கொடுக்கும். படம் எடுத்தவர்கள் இதை விரும்பார். மிரட்ட வேண்டிய இடத்தில் மிரட்டுவதற்காகத்தானே அவர்கள் பாடுபட்டார்கள். ஆயினும் வீடு படமாளிகை அன்று. வீட்டிலுள்ள மூத்தவர் அமர்ந்து கேட்க இயலாத துல்லியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பழைய பாட்டுக்கு வேறு ஒழுங்கு. ஒரே தடத்திற் பதிவான பாட்டை ஐந்து பெட்டிக்கும் பரப்பினால் பாடகியை ஐந்து துண்டாக்கியதற்குச் சமம். 'ஸ்டீரியோ' என்ற பொத்தானை அழுத்தி முன்னிரண்டை மட்டும் விட்டால், ஒரே ஓசை இரண்டிலும் சமமாக வந்து, நடுவில் ஒருவர் நின்று பாடுவதுபோல் இருக்கும். கே. பி. சுந்தராம்பாளை அவ்வாறு கேட்ட மாலை அக்கா நடுப்பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "இது பாடவில்லையே, பிறகு எப்படி நடுவில் கேட்குது?" என்று கேட்டார். அதை விளக்க எனக்கு ஒரு மணி நேரம் சென்றது.

மருமகன் கட்டாருக்குத் திரும்பிவிட்டான். எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி ரிசீவரின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். மேலே நான்கு விரற்கடை இடைவெளி வேண்டும், துணி போர்த்தக்கூடாது என்பதும் அதில் உண்டு. உப்புக்காற்றில் செப்புக் கம்பி பச்சை பிடிப்பதால் ஆண்டுக்கொரு முறை நுனியை வெட்டிப் புதிதாகச் சீவ வேண்டும். இடி முழங்கும் காலத்தில் மின்செருகியைக் கழற்றும் பொறுப்பை மூத்த பேத்தி ஏற்றிருக்கிறாள். போர்ப் படங்களைப் பிள்ளைகள் அக்கா வயலுக்குப் போகும் வேளையிற் பார்க்கிறார்கள். அது அவர்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு, நான் கேட்பதில்லை.

போன கிழமை அடுத்த வீட்டுக்காரர், தாமும் ஐந்து பெட்டி வாங்கியிருப்பதாகவும் வந்து பார்க்க வேண்டுமென்றும் சொன்னார். எங்கே மாட்டியிருக்கிறார் என்று விசாரித்தேன். பின்மூலையிலாம். அந்த வீட்டிலும் ஒரு அம்மா இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு போவதாகச் சொல்லியிருக்கிறேன்.