சென்னையில் பிறந்த வண்டி

புதிய மோட்டார் வண்டி வாங்குவோர்க்குப் பணம் இருந்தாற் போதும். பழைய வண்டி வாங்குவோர்க்கோ பணத்தோடு பொறுமையும், பொறுமையோடு நாலு ஊர்களில் உறவும் வேண்டும். சென்ற ஓராண்டுக் காலமாக நாம் கண்டறிந்த உண்மை இது. நம் சங்கத்து அன்பர்களுள் சிலர் தந்தையார் வைத்துப்போன வண்டியை இன்னும் கொட்டகையிற் போற்றி வருகிறார்கள். வேறு சிலர், விலைக்கு வந்தால் ஒன்று வாங்கலாமா என்று நம்மிடம் கேட்டும் இருக்கிறார்கள். அவர்கட்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தினாலேயே இதனை எழுதலானோம்.

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுப் பகுதியில் நெடுநாள் வாழ்ந்த பெரியவர் ஒருவரிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டி ஒன்று இருந்தது. 1964ஆம் ஆண்டுப் பதிவு; இரண்டு கதவுகள் உடையது. 1971இல் அவர் அதனை மற்றொரு தமிழரிடமிருந்து வாங்கினார். அவருடைய துணைவியார் மறைந்தபின் வண்டி வெளியே வரவில்லை. மக்கள் தொலைவில் இருக்கிறார்கள். குடியிருந்த வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பப் போகிறார்கள் என்றானதும், கோவையில் உள்ள மகள் வீட்டிற்குச் செல்லத் தீர்மானித்தார். பழைய இரும்பு வாங்குவோர் இருமுறை வந்து விலை பேசிச் சென்றனர். அந்நிலையில் அவர் நம்மை அழைத்து, “எடைக்குப் போட மனம் வரவில்லை. நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஊருக்குப் புறப்படுமுன் ஒரு முறை ஏரியைச் சுற்றி அழைத்துப் போனால் போதும்” என்றார். விலை என்று அவர் பெற்றுக்கொண்டது சிறு தொகையே. அந்த ஒரு வேண்டுகோள்தான் உண்மையான விலை என்பது நமக்கு அப்போதே விளங்கிற்று.

இவ்வண்டியின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். இதன் மூலம் இங்கிலாந்து நாட்டுக் கவென்ட்ரி நகரில் 1959இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டு. உருவம் வகுத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. நம் நாட்டில் 1961 முதல் சென்னையை அடுத்த பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் இது உருவாயிற்று. மற்ற வண்டிகளில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாய் இணைந்துவரத் தொடங்கிய காலத்தில், இதற்குத் தனி அடிச்சட்டம் வைத்து, உடலைப் பகுதி பகுதியாக மரையாணிகளால் பூட்டினார்கள். முன்பக்கத்து மூடி முழுவதும் மண்காப்புத் தகடுகளோடு சேர்ந்து முன்னோக்கிக் கவிழும். எஞ்சினைப் பார்க்கக் குனிய வேண்டுவதில்லை. சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். 948 கன சென்டிமீட்டர் எஞ்சின் அதற்கு முந்திய ஸ்டாண்டர்டு டென் வண்டியினின்றும் வந்ததாதலின், அதன் பாகங்கள் பல இதற்கும் பொருந்தும். தொழிற்சாலையில் கார் உற்பத்தி 1980களின் இறுதியில் நின்றுவிட்டது. கொல்கத்தாவோ அம்பாசடரின் ஊர். கங்கைக்கு அக்கரையில் உத்தரபாராவில் அது 2014 வரை உருவாயிற்று. ஆக, இந்நகரில் அம்பாசடருக்குத் தெருவுக்கொரு வைத்தியர் உண்டு. ஹெரால்டு நம்மைப்போலவே வெளியூரிலிருந்து வந்து குடியேறியது.

வண்டி கைக்கு வந்ததும் எஞ்சினை முடுக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் எவர்க்கும் எழும். அதனை அடக்கிக்கொள்வதே முதற் கடமை. ஓடாமல் நின்ற வண்டியில் இரும்பைக் காட்டிலும் ரப்பர் விரைந்து கெடுகிறது. ஆகவே பிரேக் உருளைகளிலுள்ள ரப்பர்க் கிண்ணங்கள், பிரேக் குழாய்கள், பெட்ரோல் குழாய்கள் ஆகிய அனைத்தையும், பார்வைக்கு நன்றாயிருப்பினும், முதலில் மாற்றிவிட வேண்டும். இன்று கிடைக்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பரை அது அரித்துவிடும். ஈரத்தை ஈர்த்துத் தொட்டியினுள் துருவையும் உண்டாக்கும். எத்தனாலைத் தாங்கக்கூடிய குழாய் எனக் கேட்டு வாங்குதல் நலம். நெடுநாள் நிறுத்துவதானால் தொட்டியை வடித்துவிடுதல் இன்னும் நலம்.

அடுத்த கவலை, வேலை செய்பவரைத் தேடுவது. இக்காலத்து இளைஞர்களிடம் மில்லிமீட்டர் ஸ்பேனர்களே உள்ளன. ஹெரால்டின் மரையாணிகளோ அங்குல அளவின. அரை அங்குலம், ஒன்பது பதினாறில் ஒரு பங்கு என்று செல்லும் கணக்கு. ஏறக்குறையப் பொருந்தும் ஸ்பேனரைக் கொண்டு திருகினால் ஆணியின் மூலை மழுங்கிப்போகும். நல்ல வேளையாக, அம்பாசடரோடு வாழ்நாளைக் கழித்த வங்காளி மிஸ்திரி ஒருவர் அகப்பட்டார். அவருடைய பெட்டியில் அங்குல ஸ்பேனர்கள் முழு வரிசையும் இருந்தன. ‘தாதா’ என்றே நம் வீட்டில் எல்லாரும் அவரை அழைக்கலானோம்.

பார்க் ஸ்டிரீட் முனையிலுள்ள மல்லிக் பஜார், பழைய வண்டிப் பாகங்களுக்குப் பேர் போனது. தாதாவுடன் அங்கே பல நாள் அலைந்தோம். ஹெரால்டு என்றதும் கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். தாதாவோ வண்டியின் பெயரைச் சொல்வதையே நிறுத்திவிட்டார். பழைய பாகத்தைத் துணியிற் சுற்றி எடுத்துச் சென்று, “இந்த அளவில் வேண்டும்” என்று மட்டும் கேட்டார். மின்சாரப் பாகங்கள் சில, கண்டென்சர், பல்புகள், அங்குல மரை நட்டுகள் ஆகியவை அம்பாசடருக்கெனக் கிடந்த குவியலிலிருந்தே கிடைத்தன. பெயரைக் கேட்டால் இல்லை என்பார்கள். அளவைக் காட்டினால் எடுத்துத் தருவார்கள். பழைய பாகத்தை, புதியது பொருந்தும்வரை எறிந்துவிடலாகாது என்பதை அங்கேதான் கற்றோம்.

இவ்வாறு வேலை இனிது நடந்துவரும்போது, முன் சக்கரங்களைக் கழற்றிய தாதா, முகம் மாறி நம்மை அருகழைத்தார். ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ட்ரன்னியன் எனப்படும் பித்தளைக் கூட்டினுள் இறங்கியிருக்கும். திருப்புச் சக்கரத்தைத் திருப்புந்தோறும் அந்த மரை கூட்டினுள் சுழல வேண்டும். உள்ளே எண்ணெய் இருப்பின் பல்லாண்டு உழைக்கும். எவரோ முன்னாளில் கெட்டியான கிரீஸை இட்டிருந்தார்கள். அது மரையின் அடிவரை சென்று சேரவில்லை. மழைநீர் புகுந்து எஃகு துருவேறி, இடப்பக்கத்துத் தண்டு மரையடியில் அரித்திருந்தது. அத்தண்டு ஒடிந்தால் ஓடுகின்ற வண்டியின் சக்கரம் அப்படியே மடிந்துவிடும்.

பெரியவர் புறப்பட இருபத்திரண்டு நாட்களே இருந்தன. அறிவுரைகள் பலவாறு வந்தன. “ஏரியைச் சுற்றி வருவது மெதுவான ஓட்டந்தானே, துடைத்து எண்ணெய் விட்டால் தாங்கும்” என்றார் ஒருவர். “முன்பகுதி முழுவதையும் அறுத்துவிட்டு மாருதி எஞ்சினும் சக்கரமும் பொருத்துவோம், செலவு குறைவு” என்றார் மற்றொருவர். வயது முதிர்ந்தவரை ஏற்றிச் செல்ல வேண்டிய வண்டி. மெதுவான ஓட்டத்திலும் தெருவில் பிள்ளைகள் குறுக்கே வருவார்கள். நம் இல்லாள் ஒரே சொல்லில் முடித்தாள்: “அவர் ஆசைப்பட்டார் என்பதற்காக அவரையே பணயம் வைப்பதா?” அறுத்து மாற்றுவதற்கும் நம் மனம் இசையவில்லை. அப்பொழுது அது அவர் தந்த வண்டியாக இராதே!

ஹாவ்டாவில் பெலிலியஸ் சாலைக் கடைசற் பட்டறைகளுக்குச் சென்றோம். கொடுத்த மாதிரியைப் பார்த்து எதையும் கடைந்து தரும் கைகள் அங்கே உண்டு. தேய்ந்த புஷ்கள் நான்கினை ஒரே பிற்பகலில் கடைந்து தந்தார் ஒரு பட்டறைக்காரர். ஆனால் எஃகுத் தண்டைக் கையில் வாங்கிப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார். “இதே வடிவில் செய்ய முடியும். ஆனால் எந்த எஃகு, எவ்வளவு பதம் என்று தெரியாமல் செய்தால், உயிருக்கு நான் பிணை நிற்க வேண்டும்” என்றார். கூலியை வேண்டாமென்று சொல்லும் தொழிலாளியின் சொல்லில் நம்பிக்கை வைக்க வேண்டும் என்பது நம் கருத்து.

பிறகு சென்னைக்கு எழுதினோம். குரோம்பேட்டையிலுள்ள நம் மைத்துனர் புதுப்பேட்டைக் கடைகளைச் சல்லடை போட்டுச் சலித்தார். அகப்பட்ட ட்ரன்னியன்கள் நம்முடையதைவிடத் தேய்ந்தவை. எனினும் அந்த அலைச்சல் வீண் போகவில்லை. அத்தொழிற்சாலையில் முன்பு பணி புரிந்த பெரியவர் ஒருவர் அவருக்கு அறிமுகமானார். அவர் தம் பரணிலிருந்து பாகங்களின் எண்கள் அடங்கிய பழைய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். கூடவே இரண்டு செய்திகளும் சொல்லி அனுப்பினார். ஒன்று: ட்ரன்னியனுக்கு 90ஆம் எண் கியர் எண்ணெயே இட வேண்டும், கிரீஸ் கூடாது. மற்றொன்று: இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசையில் சுற்றுவன, ஒன்று மற்றொன்றுக்கு உதவாது. புத்தகமும் சில சிறு பாகங்களும், உறவினர் ஒருவர் பெட்டியிலே கோரமண்டல் விரைவு வண்டியில் ஏறி, ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர் கடந்து ஹாவ்டா வந்து சேர்ந்தன.

அப்புத்தகத்தின் எண்களே வழியைத் திறந்தன. ஹெரால்டின் அடிச்சட்டத்தையும் முன் சக்கர அமைப்பையும் தழுவியே 1962 முதல் 1980 வரை டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற விளையாட்டு வண்டி உருவாயிற்று. அதனை விரும்பிக் காப்போர் இங்கிலாந்தில் மிகப் பலர். அவர்கட்காக இப்பாகங்களை இன்றும் அங்கே செய்து விற்கிறார்கள். வண்டியின் ஆண்டு, பிரேக்கின் வகை, எடுத்த அளவுகள் எல்லாவற்றையும் எழுதிக் கேட்டு, இரு பக்கத்துத் தண்டுகளையும் ட்ரன்னியன்களையும் வரவழைத்தோம். அனுப்புகூலியும் சுங்க வரியும் சேர்ந்து பாகத்தின் விலைக்கு அருகே வந்துவிட்டன. வெளிநாட்டிலிருந்து வரவழைப்போர் இதனை முன்னரே கணக்கில் வைத்துக்கொள்வாராக.

பார்சல் வந்து சேர்ந்த நாள், பெரியவர் ஊருக்குப் புறப்பட்டு ஐந்து நாட்கள் கழிந்திருந்தன. புறப்படும் நாளில் வாடகை வண்டியிலேயே அவரை நிலையத்திற்கு அழைத்துச் சென்றோம். வண்டி ஏன் வரவில்லை என்பதை முன்னரே விளக்கியிருந்தோம். ரயில் நகருமுன் அவர் சொன்னார்: “நீ செய்ததே சரியப்பா. முப்பத்தைந்து வருஷம் அவளை ஏற்றிக்கொண்டு போன வண்டி. யாரையும் கீழே தள்ளிற்று என்ற பெயர் அதற்கு வர வேண்டாம்.” நாம் மறுமொழி கூற வகையின்றி நின்றோம்.

தை மாதத்தில் வேலை முடிந்தது. ஒரு ஞாயிறு காலையில் எஞ்சினை முடுக்கி, கைப்பேசியில் கோவைக்கு ஓசையைக் கேட்கச் செய்தோம். நல்வாழ்த்துச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தோம். அவரோ சற்றுநேரம் கூர்ந்து கேட்டபின், “டேப்பெட் ஒன்று தட்டுகிறதே! குளிர்ந்த எஞ்சினில் பத்துத் தௌ வைத்துப் பாருங்கள்” என்றார். மூடியைக் கழற்றி, ஆயிரத்திற் பத்துப் பங்கு அங்குலத் தகட்டை இட்டுப் பார்த்தார் தாதா. எட்டில் ஒன்று தளர்ந்திருந்தது. கோவையில் இருந்தபடி கொல்கத்தா எஞ்சினுக்கு நாடி பார்த்த அவரை எண்ணித் தாதா கைகூப்பினார். சரிசெய்தபின் மீண்டும் கேட்கச் செய்தோம். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பின்னர், “இதுதான் அதன் குரல்” என்றார்.

ஆவணங்களைப் பற்றியும் ஒரு சொல். முதற் பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கென நடுவணரசு 2021இல் தனி விதிகள் வகுத்துள்ளது. அவ்விதிகளின்படி புதிதாகப் பதிய ரூ. 20,000, பத்தாண்டு செல்லும், பின்பு புதுப்பிக்க ரூ. 5,000. ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றிற்கன்றி நாள்தோறும் ஓட்ட இயலாது. வேறு எஞ்சினைப் பொருத்தி உருவை மாற்றியவர்கட்கு இவ்வழி அடைபட்டுவிடும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இப்போது நம் மகள் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறாள். ஒரு பக்கம் சென்னைப் பெரியவர் சொன்ன தமிழ்ப் பெயர். மறுபக்கம் தாதா சொல்லும் வங்காளிப் பெயர். நடுவே புத்தகத்திலுள்ள பாக எண். மரை, கடைசல், பதம் ஆகிய சொற்களை அவள் பள்ளியிற் கற்கவில்லை. வண்டியின் அடியிற் கற்றாள். மழைக்காலத்தின் முன்னும் பின்னும் ட்ரன்னியனுக்கு எண்ணெய் இடுவதும் அவள் பொறுப்பு.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்துப் பரணில், தந்தையாரோ பாட்டனாரோ எண்ணெய்த் தாளிற் சுற்றி வைத்த பாகங்கள், பழைய கைப்புத்தகங்கள் கிடக்கலாம். வீடு மாறும்போது அவற்றை எடைக்குப் போடுமுன், சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். பிறந்த தொழிற்சாலை மூடிவிட்ட வண்டிக்கு நம் பரண்களே பண்டசாலை.