பச்சைப் புடவை அம்மாவும் சேப்பாக்கம் தூணும்

அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அந்த 57 வயதுக்காரரிடம் கிரிக்கெட் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், பத்தாவது நிமிடம் தூணில் வந்து நிற்பார். சென்னை சேப்பாக்கம் மைதானத்தின் பழைய கேலரியில் கூரையைத் தாங்கிக்கொண்டு நின்ற தூண். இப்போது அது இல்லை. 2011 உலகக் கோப்பைக்காகப் பழைய கேலரிகளை இடித்துப் புதிதாகக் கட்டியபோது அதுவும் போய்விட்டது. இவர் மனதில் மட்டும் ஆணி அடித்தமாதிரி நிற்கிறது.

"எனக்கு நேர் முன்னாடி அந்தத் தூணு. பந்து போட ஓடி வர்றது தெரியும், பேட்ஸ்மேன் தெரிவான். மிட் ஆஃப்ல நிக்கிற ஆள் மட்டும் தூணுக்குப் பின்னாடி. சச்சின் தூக்கி அடிச்சாரு. பந்து தூணுக்குள்ள போச்சு. வெளிய வரவே இல்ல. மைதானமே கப்சிப். அப்பவே புரிஞ்சுபோச்சு."

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. 1987-க்குப் பிறகு டெஸ்ட் ஆட இந்தியா வந்திருந்தது பாகிஸ்தான். ஜெயிக்க 271 ரன் வேண்டும். முதுகுவலியோடு சச்சின் 136 அடித்து, சக்லைன் முஷ்டாக் பந்தில் வாசிம் அக்ரமிடம் கேட்ச் கொடுத்துப் போனபோது பாக்கி இருந்தது 17 ரன். கையில் மூன்று விக்கெட். நாலே ரன்னில் அந்த மூன்றும் போய், 12 ரன்னில் தோல்வி. அதன் பிறகு நடந்ததுதான் உலகத்துக்கே தெரியுமே. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வர, சேப்பாக்கம் எழுந்து நின்று கை தட்டியது. இவரும் தட்டினார். அழுதுகொண்டே தட்டினாராம்.

இந்தக் கதையை வீட்டில் அவர் எத்தனை முறை சொன்னாலும், சமையலறையிலிருந்து ஒரே கேள்விதான் வரும்.

"அந்தப் பச்சைப் புடவை அம்மாவைப் பார்த்தீங்களா?"

அவர் மனைவியின் குரல். 25 வருடமாக இதே கேள்வி. இவரும் 25 வருடமாகச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

அந்தக் கேள்விக்கும் ஒரு கதை உண்டு. சனிக்கிழமை ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் கிளம்பும்போது, புளிசாதம் கட்டிக் கொடுத்துவிட்டு மனைவி கேட்டிருக்கிறார், "நானும் வரட்டுங்களா? பாப்பாவை எங்கம்மா பார்த்துக்குவாங்க." அவருக்கும் கிரிக்கெட் பைத்தியம் உண்டு. அப்துல் ஜப்பாரின் வர்ணனையை ரேடியோவில் கேட்டே ஃபீல்டர் நிற்கும் இடமெல்லாம் மனப்பாடம். இவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "அங்கெல்லாம் பொம்பளைங்க உட்கார மாட்டாங்க, உனக்கு வசதிப்படாது" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் டிவியில் சச்சின் அவுட். கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியது. கன்னத்தில் கை வைத்தபடி ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பச்சைப் புடவை, தலையில் பூ. பக்கத்தில் இன்னும் ரெண்டு பெண்கள்.

"பொம்பளைங்க உட்கார மாட்டாங்கன்னாரு. அப்ப அது யாரு?" அவ்வளவுதான் அந்த அம்மா கேட்டது. மகளிடம் மட்டும்.

புது சேப்பாக்கத்தை அவர் நேரில் பார்க்காமலேயே வெறுத்தார் என்பதுதான் வேடிக்கை. 2011-க்குப் பிறகு ஒரு மேட்சுக்கும் போகவில்லை. ஐ, ஜே, கே என்று மூன்று கேலரிகளைப் புதிதாகக் கட்டி, அனுமதிச் சிக்கலில் வருடக்கணக்கில் பூட்டியே வைத்திருந்தபோது அவருக்கு உள்ளூர சந்தோஷம். டிவியில் காலி நாற்காலிகளைக் காட்டினால், "பாத்தியா, தூணை எடுத்த பாவம்" என்பார். 2021-ல் இங்கிலாந்து டெஸ்டுக்கு அவையும் திறந்தன. 2023-ல் கலைஞர் கருணாநிதி பெயரில் இன்னொரு புது ஸ்டாண்டும் வந்தது. மனிதர் அசையவில்லை.

அகமதாபாத் பேச்சை எடுத்தால் இன்னும் சூடாகிவிடுவார். 1,32,000 பேர் உட்காரும் மைதானம். 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. டிராவிஸ் ஹெட் அடிக்க அடிக்க அத்தனை பெரிய கூட்டமும் ஊமையாகிப் போனது. "எங்க சேப்பாக்கத்துல தோத்தன்னைக்கும் சத்தம் கேட்டுச்சு. கைதட்டல் சத்தம்" என்பார். நியாயமான பேச்சுதான். ஆனால் கைதட்டியது மனிதர்களா, தூணா என்று யாரும் அவரைத் திருப்பிக் கேட்கவில்லை.

கேட்டது டெக்சாஸில் இருக்கும் மச்சினன். ஞாயிறு தோறும் வீடியோ கால்.

"மாமா, உங்க தூண் மாதிரி இங்கயும் இருக்கு. பாஸ்டன்ல ஃபென்வே பார்க்னு ஒரு பேஸ்பால் மைதானம். 1912-ல கட்டினது. அங்க இன்னும் சில சீட்டுக்கு முன்னாடி தூண் நிக்குது. அதுக்கும் டிக்கெட் விக்குது, ஜனங்க வாங்குறாங்க."

இவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அன்று முழுக்க அமெரிக்கக் கதைதான். சிகாகோவில் ரிக்லி ஃபீல்ட், 1914. சுவரில் கொடி படர்ந்த மைதானம். ராத்திரி ஆட்டத்துக்கு விளக்கு போட்டதே 1988-ல்தான். அறுபது, எழுபதுகளில் அங்கே ஊருக்கு ஊர் வட்டமாக கான்கிரீட் ஸ்டேடியம் கட்டினார்கள். பேஸ்பாலும் அங்கேதான், அவர்கள் ஊர் ஃபுட்பாலும் அங்கேதான். ரசிகனுக்கு ஒட்டவில்லை. 1992-ல் பால்டிமோரில் கேம்டன் யார்ட்ஸ் என்று ஒன்றைக் கட்டினார்கள். புத்தம் புது மைதானம், பார்த்தால் பழசு மாதிரி. பக்கத்திலிருந்த பழைய ரயில்வே கிடங்கைக்கூட இடிக்காமல் சேர்த்துக்கொண்டார்கள். அதைப் பார்த்து மற்ற ஊர்களும் வட்ட ஸ்டேடியங்களை இடித்துவிட்டு, பழைய மோஸ்தரில் புதுசு கட்ட ஆரம்பித்தன.

"பாத்தியா? அமெரிக்காக்காரனே பழசுக்குத் திரும்பிட்டான்!"

"அவசரப்படாதீங்க மாமா. நம்ம டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் ஆடுற கிராண்ட் ப்ரேரி மைதானம் இருக்கே, அது பேஸ்பால் மைதானமா இருந்ததுதான். 2023-ல கிரிக்கெட்டுக்கு மாத்திட்டாங்க. போன ஜூன்ல அமெரிக்கா பாகிஸ்தானை சூப்பர் ஓவர்ல அடிச்சது அங்கதான். நியூயார்க்ல இந்தியா-பாகிஸ்தான் ஆடின ஸ்டேடியம் என்னாச்சு தெரியுமா? 34,000 சீட்டு. உலகக் கோப்பைக்குன்னு சில மாசத்துல எழுப்பினாங்க, மேட்ச் முடிஞ்சதும் பிரிச்சு எடுத்துட்டாங்க."

கல்யாணப் பந்தல் மாதிரி! அதைக் கேட்டு வீடே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் மனைவி போனைப் பார்த்துச் சொன்னார், "தம்பி, பழசு புதுசுன்னு பேச உங்க மாமாவுக்கு ரெண்டுல ஒண்ணாவது தெரியும். எனக்கு ரெண்டுமே தெரியாது."

சென்னையில் வேலை பார்க்கும் மகள் அந்த காலில் இருந்தாள். 2024 செப்டம்பரில் வங்கதேச டெஸ்ட் அறிவிப்பு வந்ததும் முதல் நாளுக்கு மூன்று டிக்கெட் போட்டுவிட்டாள். அப்பாவிடம் கேட்கவில்லை. "ம்மா, நீ வர்ற. அப்பாவுக்கு இஷ்டம் இருந்தா வரட்டும்."

இஷ்டம் இருந்தது. புதன்கிழமை ராத்திரி அதே மலைக்கோட்டை. இந்த முறையும் புளிசாதம். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்று மகள் சொன்னதால் டப்பா அவள் ரூமிலேயே தங்கிவிட்டது. "தூணும் போச்சு, புளிசாதமும் போச்சு" என்று முணுமுணுத்தபடிதான் சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கினார்.

கேலரிப் படிகள் செங்குத்து. அவர் மூட்டுக்கு அது பெரிய தண்டனை. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்து, குறை சொல்லத் தலையைத் தூக்கினார். அப்படியே நிறுத்திவிட்டார்.

திருச்சிக்காரர், அதுவும் பெல் நிறுவனத்துக்கு ஃபிளாஞ்ச் கடைந்து கொடுத்துப் பழகியவர். இரும்பு எங்கே எதை இழுக்கிறது என்று அவர் கண்ணுக்கு உடனே தெரியும். வெள்ளைக் கூடாரங்கள் மாதிரி கூரை. மேலேயிருந்து கம்பி வடங்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. பார்வையை மறைக்க ஒரு தூண்கூட இல்லை. வெளிச்சம் ஊடுருவி வருகிறது, வெயில் சுடவில்லை. கேலரிகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பதால் மெரினா காற்று உள்ளே நுழைகிறது. பழைய மைதானத்தில் பிற்பகலில் புழுங்கித் தள்ளியது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. 25 வருடமாக அந்தக் கதையில் புழுக்கம் வந்ததே இல்லை.

"நல்லாத்தான் இழுத்துக் கட்டியிருக்கான்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு எதிர்பார்க்கக் கூடாது.

குறையும் இல்லாமல் இல்லை. ஓவருக்கு ஓவர் பாட்டு. ராட்சதத் திரை வேறு. பந்து மைதானத்தில் இருக்க, கண் தானாகத் திரைக்குப் போய்விடுகிறது. ரோஹித், கில், கோலி மூன்று பேரும் 34 ரன்னுக்குள் போனார்கள். ஹசன் மஹ்மூத் போட்ட பந்தில் கோலி எட்ஜ் ஆனதை அவர் பார்க்கவில்லை, திரையில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். தூண் மறைத்ததையாவது ஒரு கதையாகச் சொல்லலாம். இதை எப்படிச் சொல்வது?

மனைவி திரையைப் பார்க்கவேயில்லை. அவர் கண் முழுக்க தரையில்தான். ஃபீல்டர் நாலடி நகர்ந்தால் மகளின் தொடையில் தட்டி, "ஸ்லிப்பை எடுத்துட்டான் பாரு" என்பார். ரேடியோவில் மனப்பாடம் செய்த வரைபடத்தை நேரில் சரிபார்ப்பவர் மாதிரி இருந்தது. 144-க்கு ஆறு விக்கெட் போய், அஸ்வின் உள்ளே வந்தபோது எழுந்த சத்தத்தில் அவரும் எழுந்து நின்றார். அப்புறம் உட்காரவே மறந்துவிட்டார். பின்னால் இருந்த பையன் "ஆன்ட்டி, உட்காருங்க" என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

அந்த நாளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அஸ்வினும் ஜடேஜாவும் அன்று பிரியவே இல்லை. சொந்த ஊரில் 108 பந்தில் சதம் அடித்தார் அஸ்வின். ஆட்டம் முடியும்போது 339-க்கு ஆறு. அவர் சேப்பாக்கத்தில் ஆடிய கடைசி டெஸ்ட் அதுதான் என்று அன்று யாருக்குத் தெரியும்? டிசம்பரிலேயே ஓய்வை அறிவித்துவிட்டார்.

கூட்டம் கலைய நேரமானது. இறங்கும் வழியில் அவர் ஒரு இடத்தில் நின்றார். பழைய கேலரி சுமாராக அங்கேதான் இருந்திருக்கும் என்று ஒரு கணக்கு. "இங்கதான்..." என்று ஆரம்பித்து, மனைவியைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"அன்னைக்கும் பொம்பளைங்க இருந்தாங்க" என்றார். "நான் உட்கார்ந்த வரிசைக்கு நாலு வரிசை முன்னாடி ஒரு குடும்பமே இருந்துச்சு. திரும்பி வந்து உன்கிட்ட சொல்லல."

மனைவி பதில் சொல்லவில்லை. மகளின் பக்கம் திரும்பினார். "நாளைக்கும் டிக்கெட் கிடைக்குமாடி?"

கிடைத்தது, இரண்டு பேருக்கு. பட்டறையில் வெள்ளிக்கிழமை டெலிவரி கொடுக்க வேண்டிய வேலை பாக்கி. அவர் மட்டும் ராத்திரி ரயில் ஏறினார். ரூமில் கிடந்த புளிசாத டப்பாவை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் ஒரே களேபரம். அஸ்வின் 113-ல் அவுட், இந்தியா 376. பும்ரா நாலு விக்கெட் எடுக்க, வங்கதேசம் 149-ல் சுருண்டது. மொத்தம் 17 விக்கெட் ஒரே நாளில். அரியமங்கலம் பட்டறையில் எண்ணெய் டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விக்கெட் விழும்போதெல்லாம் கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும். உடனே மெஷினை நிறுத்திவிட்டுப் போனருகே குனிவார். நீல ஜெர்சிகள், கொடிகள், முகத்தில் வண்ணம் பூசிய பசங்க. அதற்குள் கேமரா மைதானத்துக்குத் திரும்பிவிடும்.

"யாரைண்ணே தேடுறீங்க?" என்றான் வேலைக்கு இருக்கும் பையன்.

"மஞ்சள் புடவை" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.