எழுதப் படிக்கத் தெரியாத பிரிண்டர்

"சிஸ்டம் மாறிப்போச்சு சார், இதுக்கு டிரைவர் கிடையாது. போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க." பழைய லேசர் பிரிண்டரைச் சுமந்துகொண்டு போகிறவர்கள் கடையில் கேட்கிற பதில் இது. எனக்கு இதில் நெடுநாளாக ஒரு நெருடல். டிரம் சுற்றுகிறது, தாளை இழுக்கிறது, தெருமுனையில் டோனர் நிரப்பித் தருகிறார்கள். அப்படியானால் செத்துப்போனது எது?

விசாரிக்க வேறு ஆள் வேண்டாம். யூஎஸ்பி பிரிண்டரைக் கணினி கேட்டால் தன் பெயர், மாடல், தனக்குப் புரியும் கட்டளை மொழி எல்லாவற்றையும் ஒரே வரியில் சொல்லிவிடும். அதில் பி.சி.எல். என்றோ போஸ்ட்ஸ்கிரிப்ட் என்றோ வந்தால் கவலையில்லை. நம் ஊர் வக்கீல் அலுவலகங்களிலும் பிரௌசிங் சென்டர்களிலும் ஓடித் தேய்ந்த எச்.பி. லேசர்ஜெட் 1020 இரண்டையுமே சொல்லாது. அதற்கு எழுத்தும் தெரியாது, கோடும் தெரியாது. பக்கத்தைப் புள்ளிகளாக்கி, ஜேபிக் முறையில் சுருக்கி, இசட்ஜே-ஸ்ட்ரீம் என்ற வடிவத்தில் கணினிதான் அனுப்ப வேண்டும். இருக்கிற நினைவகமோ 2 எம்.பி.

லினக்ஸில் இதை மாட்டுகிறவர் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. ரிக் ரிச்சர்ட்சன் எழுதிய ஃபூ2இசட்ஜேஎஸ் டிரைவரை நிறுவியாகிவிட்டது. அச்சிடச் சொன்னால் 'முடிந்தது' என்கிறது கணினி. பிரிண்டர் அசையவே இல்லை. கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள், டிரைவரை அழித்து மறுபடி நிறுவுவார்கள். ஒன்றும் நடக்காது. காரணம், இந்த மாடல் தன்னை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைக்கூடத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. ஸ்விட்ச்சை அணைத்தால் போயிற்று. ஒவ்வொரு முறையும் கணினிதான் அதை ஏற்றிவிட வேண்டும். பதிப்புரிமை எச்.பி.யிடம் இருப்பதால் லினக்ஸ் தொகுப்புகளில் அந்தக் கோப்பு சேர்ந்து வராது, தனியே இறக்கிக்கொள்ள வேண்டும். ஏறிவிட்டதா என்பதற்கும் சாட்சி, பிரிண்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் அதே வரிதான்: 'எஃப்டபிள்யூவெர்' என்று ஒரு பகுதி அதில் புதிதாக முளைத்திருக்கும்.

2005இல் வந்ததே இவ்வளவு படுத்தினால் அதற்கு மூத்தவை என்ன பாடுபடுத்தும் என்று பின்னோக்கிப் போனேன். கண்டது நேர்மாறு. 1985இல் ஆப்பிள் விற்ற லேசர்ரைட்டரின் பிராசஸர் 12 மெகாஹெர்ட்ஸ். அதை ஏவிய மேக்கின்டோஷுக்கு 8தான். அச்சிடுகிற பெட்டி கணினியைவிட வேகம்! போஸ்ட்ஸ்கிரிப்டைத் தானே படித்துப் பக்கத்தை வரைந்துகொள்ளும். விலை 6,995 டாலர். பிறகு வந்த மலிவு மாடல்களில் அந்த மூளையைக் கழற்றி, வேலையைக் கணினியின் தலையில் கட்டினார்கள். மூளை தன்னிடமே இருப்பதால்தான் 1992இன் லேசர்ஜெட் 4, பேரலல்-யூஎஸ்பி கேபிள் ஒன்று கிடைத்தால், லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளோடு வரும் பொதுவான பி.சி.எல். டிரைவரிலேயே இன்றும் அச்சிடுகிறது.

மலிவு மாடல்களில் பிரிண்டரின் பாதி கணினிக்குள் குடியிருக்கிறது. கணினியை மாற்றும்போது போவது அந்தப் பாதி.

அதை மீட்க வழி உண்டு. ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு சின்னக் கணினியில் கப்ஸையும் பொருத்தமான டிரைவரையும் போட்டு, பிரிண்டரை அதோடு நிரந்தரமாகக் கட்டிவிடலாம். வீட்டு வலைப்பின்னலில் அது ஏர்பிரிண்ட் பிரிண்டராகத் தெரியும், ஐபோனிலிருந்துகூட அச்சிடலாம். டிரைவருக்காக இனி விண்டோஸை நம்பியிருப்பதில் பயனில்லை: வெளி நிறுவனங்களின் பிரிண்டர் டிரைவர்களுக்கான ஆதரவைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023இலேயே அறிவித்துவிட்டது.

பழைய இரும்புக்காரர் வருமுன் உங்கள் பிரிண்டரின் அந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள். பி.சி.எல். என்று இருந்தால் அவரிடம் போடாதீர்கள். அவர் தருவதைவிட நூறு ரூபாய் கூட நான் தருகிறேன்.