கோட்டைக்குப் பின்னால் ஓர் அரசாங்கம்

அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய் வந்தவர்கள் காட்டும் புகைப்படங்களில் சிண்டரெல்லா கோட்டை கட்டாயம் இருக்கும். மிக்கி மவுஸும் இருக்கும். தீயணைப்பு வண்டி மட்டும் இருக்காது. எனக்குச் சுவாரசியமானது அந்த வண்டிதான். டிஸ்னி வேர்ல்டில் தீப்பிடித்தால் ஓடி வருவது சுற்றியுள்ள மாவட்டத்தின் வண்டி அல்ல. அந்த நிலத்துக்கென்றே உருவாக்கப்பட்ட தனி அரசாங்கத்தின் வண்டி.

வானொலியில் நிகழ்ச்சி நடத்துபவள் நான். நேயர்கள் பாட்டுக் கேட்க அழைப்பார்கள். அதற்கு அடுத்தபடியாக சாலைக் குழி, அடைத்துக்கொண்ட கால்வாய், எடுக்காத குப்பை. "இத யாருகிட்ட போய்ச் சொல்றதுங்க?" என்றுதான் பல அழைப்புகள் முடியும். அந்தக் கேள்வி காதில் இருக்கும்போது படித்ததால், டிஸ்னியின் கதை எனக்கு வெறும் கேளிக்கைப் பூங்கா கதையாகத் தெரியவில்லை.

1960களில் வால்ட் டிஸ்னியின் நிறுவனம், வேறு வேறு பெயர்களில் சிறு நிறுவனங்களைத் தொடங்கி, ஒர்லாண்டோ அருகே சதுப்பு நிலங்களைச் சத்தமில்லாமல் வாங்கியது. வாங்குவது யார் என்று தெரிந்தால் விலை ஏறிவிடுமே! 1966 டிசம்பரில் வால்ட் டிஸ்னி காலமானார். 1967 மே மாதம், புளோரிடா சட்டமன்றம் 'ரீடி கிரீக் மேம்பாட்டு வட்டாரம்' என்ற ஒன்றை உருவாக்கிக் கொடுத்தது. பரப்பளவு சுமார் 25,000 ஏக்கர். நமது பினாங்குத் தீவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

சாலை, வடிகால், குப்பை, தீயணைப்பு, கட்டட அனுமதி எல்லாம் அந்த வட்டாரத்தின் கையில். விமான நிலையம், ஏன், அணுமின் நிலையம்கூடக் கட்டிக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இருந்தது.

"அப்படியானால் டிஸ்னி வரியே கட்டவில்லையா?" என்று கேட்கலாம். கட்டியது. மாவட்டங்களுக்குச் சொத்து வரி, அதற்கு மேல் வட்டாரத்துக்கும் வரி. சலுகை வேறு இடத்தில் இருந்தது. தன் கட்டடத்துக்கு வெளியாரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. சாலை, வடிகால் போடுவதற்கு வட்டாரம் அரசாங்கம் என்ற முறையில் பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்கலாம். அந்த வட்டிக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லாததால், குறைந்த வட்டிக்கே பணம் கிடைக்கும்.

இவ்வளவு அதிகாரம் கேட்டபோது சொன்ன காரணம், 20,000 பேர் வாழும் 'எப்காட்' என்ற எதிர்கால நகரம். அந்த நகரம் வரவில்லை. 1982இல் அதே பெயரில் இன்னொரு பூங்காதான் திறந்தது. அதிகாரம் மட்டும் அப்படியே இருந்தது.

ஐந்து பேர் கொண்ட வாரியத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் நில உரிமையாளர்கள். ஓட்டு ஏக்கர் கணக்கில். யாரிடம் அதிக ஏக்கர் என்று சொல்ல வேண்டியதில்லை. வட்டாரத்துக்குள் இருக்கும் இரண்டு சிறு நகரங்களின் மக்களையும் சேர்த்தால் ஓர் இரட்டை மாடிப் பேருந்துகூட நிரம்பாது.

நியாயமாகச் சொன்னால், நிர்வாகம் நன்றாகவே நடந்தது. சதுப்பு நிலத்தில் நல்ல சாலையும் வடிகாலும் வந்தன. ஒர்லாண்டோ உலகச் சுற்றுலா நகரமானது.

2022இல் காற்று திசை மாறியது. பள்ளிகளில் பாலின அடையாளம் குறித்த பாடங்களைக் கட்டுப்படுத்தும் புளோரிடா சட்டத்தை டிஸ்னி விமர்சித்தது. அதே ஏப்ரலில், வட்டாரத்தைக் கலைக்கும் சட்டத்தில் ஆளுநர் ரான் டிசாண்டிஸ் கையெழுத்திட்டார். பிறகுதான் கணக்கு உறைத்தது: வட்டாரத்துக்குச் சுமார் 100 கோடி டாலர் கடன். கலைத்தால் அது அக்கம்பக்கத்து மாவட்ட மக்களின் தலையில் விழும். எனவே 2023இல் கலைக்காமல் பெயரை மாற்றினார்கள். ஐந்து பேரையும் இனி ஆளுநரே நியமிப்பார் என்றார்கள். வழக்குகள் நடந்தன. 2024 மார்ச்சில் சமரசம். ஜூனில், 1,700 கோடி டாலர் வரை முதலீடு செய்ய இடமளிக்கும் 15 ஆண்டு ஒப்பந்தம்.

நிறுவனமா, ஆளுநரா, யார் ஜெயித்தது என்றுதான் பலரும் பேசினார்கள். நான் பார்ப்பது அங்கே ஹோட்டல் அறை துடைப்பவரையும் பேருந்து ஓட்டுபவரையும். முன்பு வாரியத்தை நிறுவனம் தேர்ந்தெடுத்தது. இப்போது ஆளுநர் நியமிக்கிறார். இரண்டு முறையிலும் அந்தத் தொழிலாளிக்கு வாரியத் தேர்தலில் ஓட்டு இல்லை. 55 ஆண்டுகள் யாரும் அசைக்காத சலுகை, ஒரு கருத்து சொன்னதும் ஆட்டம் கண்டது. தயவில் கிடைத்தது கோபத்தில் போய்விடும் என்பது பெரிய நிறுவனத்துக்கும் பொருந்துகிறது.

இது தூரத்துக் கதை என்று நாமும் ஒதுக்கிவிட முடியாது. மலேசியாவில் ஊராட்சி மன்றத் தேர்தல் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. நகராண்மைக் கழக உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. மதிப்பீட்டு வரி கட்டுவது நாம்.

பெரிய திட்டங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை வேண்டும், பூங்காவும் வேண்டும். ஆனால், நம் ஊர்ப் பக்கம் சிறப்பு மண்டலம் என்று எதையாவது அறிவித்தால், எத்தனை பேருக்கு வேலை என்பதோடு இன்னும் மூன்றைக் கேட்டு வைப்போம். அங்கே கடன் வாங்குவது யார்? கட்ட முடியாமல் போனால் யார் கட்டுவது? நிர்வாகம் சரியில்லையென்றால் அதை மாற்ற நமக்கு என்ன வழி? பதில்களை எழுத்தில் வாங்குவது இன்னும் நல்லது.